10 பவுண்டுக்குத் தப்பிய டிராம்! நம்ம டிராம் எங்கே?

சென்னையில் டிராம் என்றால் இன்று பழைய போட்டோதான்!

இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் ஓடியது நம்ம ஊரில். ஆண்டு 1895. 1921-ல் 97 வண்டிகள் இருந்தன. கம்பெனி நொடித்தது, 1953-ம் ஆண்டு ஏப்ரல் 12-ந் தேதியோடு மணிச்சத்தம் நின்றது. பேரப்பிள்ளைக்கு ஏற்றிக் காட்ட ஒரு வண்டியாவது வேண்டாமா?

அதே காலத்தில் இங்கிலாந்தில் நடந்த கதை வேறு.

சவுதாம்டன் துறைமுக நகரில் டிராமை மூடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, 1948-ல் டிராம் பிரியர்கள் சிலர் பார்க்கப் போனார்கள். கழித்துக்கட்ட இருந்த 45-ம் நம்பர் வண்டியை 10 பவுண்டுக்குப் பேசி முடித்துவிட்டார்கள். வாங்கியாச்சு... எங்கே நிறுத்துவது?

1903-ல் கட்டிய வண்டி அது. மாடி உண்டு, கூரை கிடையாது. ஊர் நடுவே பார்கேட் என்ற பழைய கோட்டை வாசல். அந்த வளைவுக்குள் நுழைந்து போகணும். அதற்காக மாடியில் நீள பெஞ்சு போட்டு, ஜனங்களை முதுகோடு முதுகு தாழ்வாக உட்கார வைத்தார்கள். போட்டோவில் இது புரியாது. ஏறி உட்கார்ந்தால்தான் தெரியும்!

சம்பளம் இல்லாத வேலை

இந்த ஒரு வண்டியில் ஆரம்பித்து, 1955-ல் டிராம் மியூசியம் சங்கம் பிறந்தது. 1959-ல் டெர்பிஷயரில் கிரிச் என்ற ஊரில் பழைய கல் குவாரி ஒன்றைப் பிடித்தார்கள். தொண்டர்களே தண்டவாளம் போட்டார்கள். 1964-ல் மின்சார டிராம் ஓடியது. இன்று 60-க்கு மேல் வண்டிகள். பழைய பென்னிக் காசைக் கொடுத்து டிக்கெட் வாங்கி ஏறலாம்!

ரிப்பேர் லேசுப்பட்டதல்ல. மழையில் ஊறிய மரச்சட்டம் உள்ளுக்குள் மக்கும்; வெளியே பெயிண்ட் பளபளக்கும். ஆகவே முதல் செலவு கூரைக்கு. பெயிண்ட் கடைசி. நம்மவர்கள் பெயிண்டில்தான் ஆரம்பிப்பார்கள்!

கை இருக்கு...

சென்னையில் ஆள் இல்லையா? 1855-ல் செய்த நீராவி எஞ்சினை 2010-ல் ஓடவைத்தது பெரம்பூர் லோகோ பட்டறைதானே! ரெயில் மியூசியமும் 2002 முதல் இருக்கு. ஓய்வுபெற்ற பிட்டர், வெல்டர், தச்சர்கள் பெரம்பூர், அயனாவரம் பக்கம் தெருவுக்கு நாலு பேர்.

பழைய மாடல் ஐ.சி.எப். பெட்டி தயாரிப்பு 2018 ஜனவரியோடு நின்றுவிட்டது. ஓடுகிறவையும் ஒவ்வொன்றாக ஒதுங்குகின்றன. நாம் புளிசாதப் பொட்டலம் பிரித்த அந்தப் பெட்டிகளில் ஒன்றை இந்தக் கைகளிடம் விடலாம். ஆனால் ரெயில்வே சொத்தில் வெளியாள் கை வைக்க உத்தரவு வேண்டும். அதைக் கேட்டு மனு போடுவது யார்?