இரண்டாவது கிடார் எதற்கு?

ஒரு சினிமா நன்றாக ஓடிவிட்டால் போதும், 'பார்ட் 2' வந்து நிற்கிறது. வீடியோ கேம் உலகிலும் இதே கதைதான். முதல் பாகம் பிடித்துப்போய், வீட்டில் அடம்பிடித்து இரண்டாம் பாகத்தையும் வாங்குகிறோம். பிரித்துப் பார்த்தால் பழைய சரக்கு, அட்டை மட்டும் புதுசு! அதனாலேயே 'இரண்டாம் பாகம்' என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும். ஆனால் ஓர் இசை விளையாட்டில் மட்டும், இரண்டாம் பாகம் முதல் பாகத்தை ஜெயித்துவிட்டது என்று அடித்துச் சொல்வேன். அதுதான் 'கிடார் ஹீரோ'.

உங்களில் பலர் இதை விளையாடியிருக்க மாட்டீர்கள். உங்கள் அண்ணன், சித்தப்பா காலத்து விளையாட்டு இது. முதல் பாகம் 2005 நவம்பரில் அமெரிக்காவில் வெளிவந்தது. பிளேஸ்டேஷன் 2 என்ற கருவியில் ஓடும். இரண்டாம் பாகம் சரியாக ஓராண்டு கழித்து, 2006 நவம்பரில் வந்தது. இரண்டையும் உருவாக்கியது ஹார்மோனிக்ஸ் என்ற நிறுவனம். அலெக்ஸ் ரிகோபுலோஸ், ஈரன் எகோசி என்ற இரண்டு நண்பர்கள் 1995-ல் தொடங்கியது. இருவரும் எம்.ஐ.டி.யில் படித்தவர்கள். (நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருப்பது!)

எப்படி விளையாடுவது? வழக்கமான கன்ட்ரோலரில் இதன் ருசி கிடைக்காது. பிளாஸ்டிக்கில் செய்த குட்டி கிடார் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொள்ள வேண்டும். அதில் கம்பிகள் இருக்காது. கழுத்துப் பகுதியில் பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், ஆரஞ்சு என ஐந்து பட்டன்கள். கம்பியை மீட்டும் இடத்தில் மேலும் கீழும் அசையும் ஒரு பட்டை. டி.வி. திரையில் நீளமான பாதை ஒன்று உங்களை நோக்கி ஓடிவரும். அதில் வண்ண வட்டங்கள் வரிசையாக வரும். வட்டம் கோட்டைத் தொடும் அந்தக் கணத்தில், அதே நிறப் பட்டனை அழுத்தியபடி பட்டையைத் தட்ட வேண்டும். அவ்வளவுதான்.

சரியாகத் தட்டினால் பாட்டில் கிடார் ஒலிக்கும். தவறினால் கிடார் மட்டும் சட்டென்று மௌனமாகிவிடும். டிரம்ஸ், பாடகர் குரல் எல்லாம் போய்க்கொண்டே இருக்கும். உங்கள் கிடாரை மட்டும் காணோம்! மார்க் குறைவதைவிட இந்த மௌனம்தான் அதிகமாக உறைக்கும். என்னைக் கேட்டால், இந்த விளையாட்டின் உயிரே இங்கேதான் இருக்கிறது. தப்பாகவே தட்டிக்கொண்டிருந்தால் கூட்டம் கூச்சல் போடும், பாட்டு பாதியில் நின்றுவிடும்.

பொம்மை கிடாரை வைத்து விளையாடும் யோசனை முதலில் இவர்களுக்குத் தோன்றியது அல்ல. ஜப்பானில் கொனாமி நிறுவனம் 1999-லேயே 'கிடார் ஃப்ரீக்ஸ்' என்ற விளையாட்டைக் கடைகளில் வைத்துவிட்டது. அதில் மூன்று பட்டன்கள்தான். ஆனால் அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு கிடாரைக் கொண்டுபோனது கிடார் ஹீரோதான்.

சரி, போட்டிக்கு வருவோம். முதல் பாகத்தில் 47 பாட்டுகள். இரண்டாம் பாகத்தில், பிளேஸ்டேஷன் 2-ல், 64 பாட்டுகள். 17 பாட்டு கூடுதல். இதைக் காட்டி 'பார், இரண்டாவதுதான் பெரிசு' என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். சாப்பாட்டில் அப்பளம் இரண்டு கூட வைத்தால் சமையல் நன்றாக ஆகிவிடுமா என்ன?

பாட்டுகளின் வரிசையைப் பொறுத்தவரை என் ஓட்டு முதல் பாகத்துக்கே. அதன் ஆரம்பக் கட்டத்தில் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' என்ற பாட்டு இருக்கிறது. டீப் பர்ப்பிள் குழுவின் புகழ்பெற்ற பாட்டு அது. அதன் கிடார் மெட்டு நிதானமானது. ஒருமுறை கேட்டாலே வாயில் ஒட்டிக்கொள்ளும். இன்றும் உலகில் எத்தனையோ பேர் நிஜ கிடார் பழகும்போது முதலில் வாசித்துப் பார்ப்பது இதைத்தான். புதிதாக வருகிறவரைக் கையைப் பிடித்து மாடிப்படி ஏற்றுவது மாதிரியான ஏற்பாடு இது. இரண்டாம் பாகத்தில் படிகளின் உயரம் கொஞ்சம் அதிகம். மூன்று பட்டன்களை ஒரே நேரத்தில் அழுத்தச் சொல்கிற இடங்களும் அதில் வருகின்றன. முதல் பாகத்தில் அதிகபட்சம் இரண்டுதான்.

அப்படியென்றால் இரண்டாம் பாகம் எதில் ஜெயித்தது? முதலில், 'பயிற்சி' என்ற பகுதியைச் சொல்ல வேண்டும்.

முதல் பாகத்தில் இது கிடையாது. நான்கு நிமிடப் பாட்டில் மூன்றாவது நிமிடத்தில் ஒரு கஷ்டமான இடம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தோற்றால், மறுபடி முதலிலிருந்து வாசித்து வர வேண்டும். நன்றாகத் தெரிந்த மூன்று நிமிடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்து, தெரியாத பத்து வினாடியில் திரும்பத் திரும்ப விழ வேண்டும். எரிச்சல் வருமா, வராதா?

இரண்டாம் பாகத்தில் அந்தப் பத்து வினாடியை மட்டும் தனியாக எடுத்து வாசிக்கலாம். வேகத்தையும் குறைத்துக்கொள்ளலாம். மெதுவாக, இன்னும் மெதுவாக, மிக மெதுவாக. விரல் பழகியதும் வேகத்தைக் கூட்டி, பிறகு முழுப் பாட்டுக்குப் போகலாம்.

'மெதுவாக வைத்து விளையாடுவது ஏமாற்று வேலை' என்று சில வீரர்கள் மார்தட்டுவார்கள். எனக்கு இதில் துளியும் சம்மதமில்லை. மிருதங்கம் கற்றுக்கொள்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வாத்தியார் ஒரே பாடத்தை முதல் காலத்தில் வாசிக்கவைத்து, அது சுத்தமாக வந்த பிறகுதான் இரண்டாம் காலத்துக்கு, மூன்றாம் காலத்துக்குக் கொண்டுபோவார். அதை யாராவது ஏமாற்று என்பார்களா? பயிற்சிப் பகுதியில் மார்க்கும் கிடையாது, கூட்டமும் கிடையாது. அங்கே ஏமாற்றுவதற்கு என்ன இருக்கிறது?

அடுத்தது, இரண்டு பேர் சேர்ந்து விளையாடுவது. முதல் பாகத்திலும் இரண்டு பேர் விளையாடலாம். ஆனால் அது சண்டை மட்டும்தான். ஒரே பாட்டின் பகுதிகளை மாறி மாறி வாசிக்க வேண்டும். யாருக்கு மார்க் அதிகமோ அவர் ஜெயித்தார். அண்ணனும் தங்கையும் உட்கார்ந்தால் என்ன நடக்கும்? அண்ணன் எப்போதும் ஜெயிப்பான், தங்கை கிடாரை வீசிவிட்டு எழுந்து போய்விடுவாள். அதன்பின் அண்ணன் யாரோடு விளையாடுவது?

இரண்டாம் பாகத்தில் சண்டையும் உண்டு, கூட்டணியும் உண்டு. கூட்டணியில் ஒருவர் முக்கிய கிடாரை வாசிப்பார். இன்னொருவர் அதே பாட்டின் பேஸ் கிடாரையோ, துணை கிடாரையோ வாசிப்பார். இருவருக்கும் சேர்த்து ஒரே மார்க். ஒருவர் சொதப்பினாலும் இருவருக்கும் அடி. இன்னொரு வேடிக்கையும் உண்டு. 'ஸ்டார் பவர்' என்று ஒரு சக்தி இருக்கிறது. கிடாரின் கழுத்தை மேலே தூக்கினால் அது வேலை செய்து மார்க் இரட்டிப்பாகும். கூட்டணியில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தூக்கினால்தான் அது பலிக்கும். ஆகவே 'இப்போ... இப்போ!' என்று ஒருவரை ஒருவர் பார்த்துக் கத்தியே ஆக வேண்டும். திரையை மட்டுமே முறைத்துக்கொண்டிருந்தவர்களைப் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கவைத்த விளையாட்டு இது!

இதைவிட நல்ல விஷயம், இருவரும் வேறு வேறு கடினநிலையில் வாசிக்கலாம். அண்ணனுக்கு ஐந்து பட்டன், தங்கைக்கு மூன்றே பட்டன். ஆனால் பாட்டு ஒன்றுதான், குழு ஒன்றுதான். மேடையில் பேஸ் கிடார்காரரை யாரும் அதிகமாகக் கவனிப்பதில்லை. ஆனால் அவர் நிறுத்திவிட்டால் பாட்டே வெறிச்சோடிவிடும். இந்த உண்மை பாடப்புத்தகத்தில் படித்து மண்டையில் ஏறாது. பேஸ் வாசித்துப் பார்த்தால் ஏறிவிடும்.

சின்னச் சின்ன மாற்றங்களும் உண்டு. நிஜ கிடாரில் ஒவ்வொரு சுரத்துக்கும் கம்பியை மீட்ட வேண்டும் என்பதில்லை. ஒருமுறை மீட்டிவிட்டு, விரலைக் கம்பியில் அழுத்தியோ எடுத்தோ அடுத்த சுரத்தை ஒலிக்கவைக்கலாம். முதல் பாகத்திலும் இந்த வித்தை இருந்தது. ஆனால் நேரம் மயிரிழை தப்பினாலும் பலிக்காது. இரண்டாம் பாகத்தில் அதைச் சற்றுத் தளர்த்தினார்கள். விரல்கள் நடனம் ஆட ஆரம்பித்தன.

இன்னொன்று, ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் கூட்டம் 'இன்னொரு பாட்டு!' என்று கேட்கும். சம்மதித்தால்தான் அது என்ன பாட்டு என்று தெரியும். கடைசியில் வருவது 'ஃப்ரீ பேர்ட்'. ஒன்பது நிமிடத்துக்கும் மேல் ஓடும் பாட்டு! அதனால் 'நிச்சயமாகவா? யோசித்துத்தான் சொல்கிறாயா?' என்று விளையாட்டே உங்களைக் கேட்டுக் கேட்டுக் கலாய்க்கும்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2006-லேயே கிடார் ஹீரோ பெயர் ஆக்டிவிஷன் நிறுவனத்திடம் போய்விட்டது. ஹார்மோனிக்ஸ் தனியே பிரிந்து, 2007-ல் டிரம்ஸ், மைக் எல்லாம் சேர்த்து 'ராக் பேண்ட்' என்ற விளையாட்டைக் கொண்டுவந்தது. கூட்டணியில் கிடைத்த ருசியை அவர்கள் விடவில்லை, பார்த்தீர்களா? கிடார் ஹீரோ பக்கமோ புதுப்புது வெளியீடுகள் குவிந்தன. 2009 என்ற ஒரே வருடத்தில் கிடார் ஹீரோ பெயரில் மட்டும் நான்கைந்து வந்தன. எல்லாவற்றிலும் புதுப் பாட்டுகள் நிறைய. விளையாடும் முறையில் புதுசு கொஞ்சம்தான். மக்களுக்குச் சலித்துப்போனது. 2011 பிப்ரவரியில் ஆக்டிவிஷன் கடையைக் கட்டியது. 2015-ல் ஒருமுறை திரும்பி வந்து பார்த்தார்கள், நிலைக்கவில்லை. அப்பளத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் பந்தியில் எத்தனை நாள் உட்காருவார்கள்?

பிளேஸ்டேஷன் 2 தயாரிப்பும் 2013-ல் நின்றுவிட்டது. ஆனால் உறவினர் வீட்டுப் பரணில் இந்தக் கருவியும் இரண்டு டிஸ்க்குகளும் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கலாம். கிடைத்தால், முதல் பாகத்தின் முதல் கட்டத்தில் தொடங்குங்கள். விரல் கொஞ்சம் பழகியதும் இரண்டாம் பாகத்தைப் போட்டு, பயிற்சிப் பகுதிக்குப் போங்கள். முதல் பாகத்தின் கிடார் இரண்டாம் பாகத்திலும் வேலை செய்யும். இரண்டு பேர் விளையாட மட்டும் இரண்டு கிடார் தேவை. ஒன்றுதான் இருக்கிறதா? பாட்டுக்கு ஒருவராக மாறிக்கொள்ளுங்கள். அடுத்தவர் சும்மா இருக்க வேண்டாம், கையால் தாளம் போடட்டும்.