பார்வையாளர் மேடையும் போராட்டக் களமே

2024 பிப்ரவரி 21 அன்று ஜெர்மன் கால்பந்து லீக் நிர்வாகமான டி.எஃப்.எல். ஓர் அறிவிப்பை வெளியிட்டது. லீக்கின் ஒளிபரப்பு வருவாயில் 8 விழுக்காடு வரை தனியார் முதலீட்டு நிதியம் ஒன்றுக்கு 20 ஆண்டுகளுக்கு விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக 100 கோடி யூரோ வரை பெறும் திட்டம் கைவிடப்படுகிறது என்பதே அந்த அறிவிப்பு. இத்திட்டத்தைக் கைவிடச் செய்தவர்கள், வாரந்தோறும் மைதானத்துக்கு வந்து நின்றபடியே ஆட்டம் பார்க்கும் சாதாரண ரசிகர்கள். அவர்கள் கையில் எடுத்த ஆயுதம் டென்னிஸ் பந்து.

இதனை விளையாட்டுப் பக்கத்துச் செய்தியாகக் கருதிக் கடந்து போனவர்கள் நம்மிடையேயும் உண்டு. கால்பந்து மோகம் உழைக்கும் மக்களின் கவனத்தைத் திசைதிருப்பும் போதை, அதற்குக் கட்சி ஏட்டில் இடம் எதற்கு என்று கேட்கும் தோழர்களும் உண்டு. இக்கேள்விக்கு நேராகவே பதில் சொல்ல வேண்டும். உழைப்பாளி தன் ஓய்வு நேரத்தை எங்கே, யாரோடு, எந்த விலைக்குச் செலவிடுகிறான் என்பதும் வர்க்கப் பிரச்சினையே. அந்த ஓய்வு நேரத்தின் மீதும் மூலதனம் கை வைக்கிறது. கை வைக்கும்போது எதிர்த்து நிற்பதற்கு விசுவாசம் மட்டும் போதாது. வாக்குரிமையும் அமைப்பும் வேண்டும். ஜெர்மனியின் அனுபவம் இதைத்தான் கற்பிக்கிறது.

உருக்காலைப் பிள்ளைகளின் கழகம்

போருசியா டோர்ட்முண்ட் கழகத்தை எடுத்துக்கொள்வோம். ரூர் தொழிற்பகுதியின் நிலக்கரியும் உருக்கும் வளர்த்த நகரம் டோர்ட்முண்ட். நகரின் வடபகுதியில், ஹோஷ் உருக்காலையை ஒட்டிய தொழிலாளர் குடியிருப்பில், 1909 டிசம்பர் 19 அன்று இளைஞர்கள் சிலர் ஒரு மதுக்கடையின் மாடியில் கூடி இக்கழகத்தைத் தொடங்கினர். கால்பந்தை வெறுத்த அவர்களது திருச்சபைப் பாதிரியாரின் தடையை மீறியே அவர்கள் கூடினர்.

இக்கழகத்தின் மைதானப் பராமரிப்பாளராக இருந்தவர் ஹைன்ரிச் செர்குஸ். அவர் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர். இட்லர் ஆட்சிக்கு எதிரான தலைமறைவுப் பணியில் ஈடுபட்ட அவரை 1945 வசந்தகாலத்தில் கெஸ்டபோ கொன்றது. அமெரிக்கப் படைகள் நகரை நெருங்கிக்கொண்டிருந்த நாட்கள் அவை. இன்று அவர் பெயரில் ரசிகர் மன்றம் இயங்குகிறது. ஆண்டுதோறும் புனித வெள்ளியன்று அவர் நினைவாக ஓட்டம் நடக்கிறது. கொல்லப்பட்ட தோழரின் பெயரை வரலாற்று நூல்களைக் காட்டிலும் ரசிகர் மேடை நன்றாகக் காத்துவந்திருக்கிறது.

அந்த உருக்குத் தொழில் இன்று இல்லை. நகரின் ஹோர்டே பகுதியில் இருந்த உருக்காலை 2001இல் மூடப்பட்டது. அதன் உலைகள் பிரிக்கப்பட்டுச் சீனாவுக்குக் கப்பலேறின. ஆலை இருந்த இடத்தில் இன்று செயற்கை ஏரி. அதன் கரையில் வசதி படைத்தோரின் வீடுகள். ரூர் பகுதியின் கடைசி நிலக்கரிச் சுரங்கமும் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. ஆலை போயிற்று, சுரங்கம் போயிற்று. பாட்டனும் தந்தையும் மகளும் தோளோடு தோள் சேர்ந்து நிற்க எஞ்சியிருப்பது மைதானத்தின் தென்மேடை. சுமார் 25,000 பேர் நின்று பார்க்கும் அந்த மேடையை ‘மஞ்சள் சுவர்’ என்று உலகமே அழைக்கிறது. ஐரோப்பாவில் நின்று பார்ப்பதற்கான மேடைகளில் இதுவே பெரியது. பருவச்சீட்டு வைத்திருப்பவருக்கு அங்கே ஓர் ஆட்டத்துக்கு 15 யூரோவை ஒட்டியே செலவாகிறது. லண்டனின் அர்செனல் கழகத்திலோ மிக மலிவான பருவச்சீட்டே 1,000 பவுண்டைத் தாண்டுகிறது. அங்கே தொழிலாளியின் மகன் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான். இங்கே இன்னும் மைதானத்தில் நிற்கிறான்.

நாம் கைவிட்டால் யார் வருவார்கள்?

ஜெர்மன் தொழிலாளி வர்க்கம் விளையாட்டை ஒருபோதும் அற்பமாகக் கருதியதில்லை. 1893இல் தொடங்கிய தொழிலாளர் உடற்பயிற்சிச் சங்கம் பின்னர் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட விளையாட்டு இயக்கமாக வளர்ந்தது. 1925இல் பிராங்பர்ட் நகரில் தொழிலாளர் ஒலிம்பிக் நடந்தது. 1933இல் ஆட்சிக்கு வந்த நாஜிகள் அந்த இயக்கத்தைத் தடை செய்தார்கள். தொழிலாளி கூடும் இடத்தின் வலிமையை எதிரி நன்கறிந்திருந்தான்.

1980களின் தொடக்கத்தில் இதே டோர்ட்முண்ட் மேடையில் ‘போருசியன் முன்னணி’ என்ற பெயரில் நவநாஜிக் கும்பல் ஒன்று தோன்றி இளைஞர்களைத் திரட்டியது. வேலையின்மையால் வெறுத்துப்போன இளைஞர்களுக்குச் சொல்வதற்கு அதனிடம் ஒரு பொய் இருந்தது. ஆம்பர்க் துறைமுகத்தின் சாங்க்ட் பவுலி கழகத்திலோ நேர்மாறாக நடந்தது. ரசிகர்களே பாசிசத்தை எதிர்த்து அணிதிரண்டு, 1990களின் தொடக்கத்தில் இனவெறி முழக்கங்களுக்கு மைதானத்திலேயே தடை கொண்டுவரச் செய்தனர். மேடை தானாக இடதும் அல்ல, வலதும் அல்ல. அங்கே யார் உழைக்கிறார்களோ, அவர்களுடையதாகிறது. ‘போதை’ என்று சொல்லி ஒதுங்கும் தோழர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஐம்பதும் ஒன்றும்

ஜெர்மனியின் கழகங்கள் நெடுங்காலம் உறுப்பினர் சங்கங்களாகவே இருந்தன. 1998இல் தொழில்முறை அணியைத் தனி நிறுவனமாக மாற்ற அனுமதி தரப்பட்டபோது ஒரு நிபந்தனை சேர்க்கப்பட்டது. அந்த நிறுவனத்தின் வாக்குகளில் 50 விழுக்காடும் அதற்கு மேல் ஒரு வாக்கும் உறுப்பினர் சங்கத்திடமே இருக்க வேண்டும். இதுவே 50+1 விதி. பணம் போடுபவர் பணம் போடலாம். முடிவு எடுக்கும் உரிமை உறுப்பினர்களுக்கே உரியது.

இந்த விதியில் ஓட்டைகள் உண்டு. பேயர் மருந்து நிறுவனத்தின் லெவர்குசனுக்கும் வோக்ஸ்வேகனின் வோல்ப்ஸ்பர்க்குக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. 2009இல் பான நிறுவனமான ரெட்புல் ஒரு சிறு கழகத்தின் ஆடும் உரிமையை வாங்கி லைப்சிக்கில் புதிய கழகத்தை நிறுவியது. வாக்குரிமையுள்ள உறுப்பினர்களை இருபது சொச்சம் பேருக்குள் அடக்கி, விதியின் எழுத்தைக் காத்து உயிரைக் கொன்றது. ஆயினும் விதி நிற்கிறது. டோர்ட்முண்ட் கழகத்தில் மட்டும் இன்று இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள்.

டென்னிஸ் பந்துகள் பேசிய மொழி

மேடைக்கும் மூலதனத்துக்குமான மோதல் ஒரே நாளில் வெடித்ததல்ல. 2016இல் நுழைவுச்சீட்டு விலையை எதிர்த்து டோர்ட்முண்ட் ரசிகர்கள் ஸ்டுட்கார்ட் மைதானத்தில் டென்னிஸ் பந்துகளை வீசினர். 2017இல் தொலைக்காட்சியின் வசதிக்காகத் திங்கட்கிழமை இரவில் லீக் ஆட்டங்கள் புகுத்தப்பட்டன. சனிக்கிழமை பிற்பகலில் ஆட்டம் நடந்தால், வாரம் முழுவதும் உழைத்தவர் தன் அணியோடு வேற்றூருக்கும் ரயிலேறலாம். திங்கள் இரவு 600 கிலோமீட்டர் தொலைவில் ஆட்டம் பார்ப்பவர் செவ்வாய்க் காலை வேலைக்கு எப்படித் திரும்புவார்? 2018 பிப்ரவரி 26 அன்று, 81,000 பேர் கொள்ளும் டோர்ட்முண்ட் மைதானத்துக்கு 54,000 பேரே வந்தனர். மஞ்சள் சுவரில் சிமெண்ட் படிகள் தெரிந்தன. அந்த ஆண்டு நவம்பரிலேயே நிர்வாகம் பணிந்தது. 2021 முதல் திங்கட்கிழமை ஆட்டங்கள் நீக்கப்பட்டன.

அடுத்து வந்தது முதலீட்டு நிதியத் திட்டம். 2023 மே மாதம் அது தோற்றது. டிசம்பர் 11 அன்று மீண்டும் வாக்கெடுப்புக்கு வந்தது; வாக்கெடுப்பு இரகசியமாக நடந்தது. 36 கழகங்களில் 24 ஆதரித்தன. தேவைப்பட்ட மூன்றில் இரண்டு பங்குக்கு ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை. எதிர்த்து வாக்களிக்க வேண்டும் என்று அனோவர் கழகத்தின் உறுப்பினர் சங்கம் தன் நிறுவன நிர்வாகியான மார்ட்டின் கிண்டுக்கு உத்தரவிட்டிருந்தது. எப்படி வாக்களித்தேன் என்பதைச் சொல்ல அவர் மறுத்தார். உறுப்பினரின் கட்டளை முன்வாசலில் நிற்க, முடிவு பின்வாசல் வழியே போய்விட்டதோ என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது.

ரசிகர்கள் களம் இறங்கினர். முதலில் ஆட்டத்தின் முதல் 12 நிமிடங்களுக்கு நாடெங்கும் மௌனம். பாட்டும் மேளமும் அடங்கிய மைதானத்தில் உதைபடும் பந்தின் ஓசை மட்டும் கேட்டது. தொலைக்காட்சி விற்கும் ‘சூழல்’ என்ற சரக்கைத் தயாரிப்பவர் யார் என்பது அந்த மௌனத்தில் புலப்பட்டது. சம்பளமின்றி அந்தச் சரக்கை உருவாக்கியவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்றே சொல்ல வேண்டும். பிறகு தங்கநிறத் தாள் சுற்றிய சாக்லேட் நாணயங்களும் டென்னிஸ் பந்துகளும் களத்தில் விழுந்தன. வாரக்கணக்கில் ஆட்டங்கள் தடைபட்டன. வாரம் முழுவதும் ஒருவர்மீது ஒருவர் வசை பொழியும் எதிரணி ரசிகர்கள் ஒரே முழக்கத்தோடு நின்றனர். போட்டியில் இருந்த இரு நிதியங்களில் பிளாக்ஸ்டோன் விலகியது; சி.வி.சி. மட்டும் எஞ்சியது. இறுதியில் திட்டமே சரிந்தது.

‘முதலீடு வந்தால் சமநிலை வரும்’

இங்கே முதலாளித்துவப் பொருளியலாளர் குறுக்கிடுவார். ஜெர்மனியில் 2013 முதல் 2023 வரை தொடர்ந்து 11 முறை பேயர்ன் மியூனிக் அணியே வென்றது. உடைமையை முதலீட்டாளருக்குத் திறந்துவிட்டால் அல்லவா மற்றவர்கள் போட்டியிட முடியும் என்பார். கேட்பதற்குச் சரியாகத் தோன்றும். திறந்துவிட்ட பிரான்சைப் பார்ப்போம். 2011இல் கத்தார் அரசின் முதலீட்டு நிறுவனம் பாரிஸ் கழகத்தை வாங்கியது. 2013 முதல் 2025 வரையிலான 13 பருவங்களில் 11 முறை பட்டம் பாரிசுக்கே போயிற்று. சமநிலை வரவில்லை, ஏகபோகத்தின் உரிமையாளர் மாறினார், அவ்வளவே. பேயர்னின் ஆதிக்கத்துக்குக் காரணம் உறுப்பினரின் வாக்குரிமை அல்ல. ஒளிபரப்புப் பணமும் ஐரோப்பியக் கோப்பைப் பணமும் ஏற்கெனவே பெரியவர்களுக்கே அதிகமாய்ப் பங்கிடப்படும் முறையே காரணம். நோய் பங்கீட்டில் இருக்க, மருந்தை வாக்குரிமையின் கழுத்தில் தேடுகிறார்கள்.

வெற்றியின் எல்லை

ஆனால் 50+1 விதியைச் சோசலிசம் என்று எண்ணி மயங்கவும் கூடாது. டோர்ட்முண்ட் கழகமே 2000இல் பங்குச்சந்தையில் நுழைந்தது. ஜெர்மனியில் அப்படி நுழைந்த முதல் கழகம் அது. ஐந்தே ஆண்டுகளில் திவாலின் விளிம்புக்குப் போய் மீண்டது. பங்குகளில் சிறு பகுதியே இன்று உறுப்பினர் சங்கத்திடம் உள்ளது. நிர்வாக உரிமை மட்டும் சட்ட ஏற்பாட்டால் அதனிடம் தங்கியிருக்கிறது. முதலீட்டு நிதியத் திட்டத்துக்கு முன்னின்று ஆதரவு தேடியவர்களில் ஒருவரான லீக் மேற்பார்வைக் குழுத் தலைவர் வாட்ஸ்கே அப்போது இதே கழகத்தின் தலைமை நிர்வாகியாக இருந்தார். தென்மேடை எதிர்த்ததை நிர்வாக மாடி ஆதரித்தது. ஒரே மைதானத்தில் இரண்டு வர்க்க நிலைகள்.

2024 மே மாதம் இக்கழகம் ரைன்மெட்டால் ஆயுத நிறுவனத்துடன் மூன்றாண்டு விளம்பர ஒப்பந்தம் செய்துகொண்டது. டாங்கியும் பீரங்கிக் குண்டும் செய்து, போரில் கொழிக்கும் நிறுவனம் அது. நாஜி ஆட்சியில் கட்டாய உழைப்பாளிகளைச் சுரண்டிய வரலாறும் அதற்கு உண்டு. செர்குஸ் பெயரில் ஓட்டம் நடத்தும் கழகத்தின் விளம்பரப் பலகையில் அந்தப் பெயர்! ரசிகர்கள் பதாகை உயர்த்தி எதிர்த்தார்கள். ஆனால் ஒப்பந்தம் கையெழுத்தாவதை அவர்களால் தடுக்க முடியவில்லை. வாக்குரிமை கையில் இருந்தும் அன்றாட நிர்வாகம் கைநழுவினால் என்ன ஆகும் என்பதற்கு இது பாடம்.

இதற்கும் அடுத்த படி ஒன்று உண்டு என்பதைச் சாங்க்ட் பவுலி ரசிகர்கள் காட்டினர். 2024 நவம்பரில் அவர்கள் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். 21,000க்கும் மேற்பட்டோர் சேர்ந்து சுமார் 2.9 கோடி யூரோ திரட்டினர்; மைதானத்தின் பெரும்பங்கு உடைமையைத் தங்கள் கூட்டுறவுக்கு மாற்றுவதே அதன் நோக்கம். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரே வாக்கு.

அதே சி.வி.சி. இங்கே

ஜெர்மனியில் விரட்டப்பட்ட சி.வி.சி. நமக்குப் புதியதல்ல. 2021 அக்டோபரில் ஐ.பி.எல். கிரிக்கெட்டின் அகமதாபாத் அணியை 5,625 கோடி ரூபாய்க்கு வாங்கியது அதே நிதியம்தான். 2025இல் பெரும்பங்கை இன்னொரு குழுமத்துக்கு விற்றது. வாங்கியபோதும் விற்றபோதும் மேடையில் கொடி பிடித்தவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்கு விசுவாசம் இருந்தது, வாக்கு இல்லை.

1911இல் வெள்ளையரின் ராணுவ அணியை வென்று நாட்டையே எழுந்து நிற்கச் செய்த மோகன் பகான் கழகத்தின் கதையும் இதுவே. 2020இல் அதன் பெயருக்கு முன்னால் ஒரு கார்ப்பரேட் அணியின் பெயர் ஒட்டப்பட்டது. ரசிகர்கள் மூன்றாண்டுகள் போராடி 2023இல் அதை அகற்றச் செய்தனர். பெயரை மீட்டார்கள். நிறுவனத்தின் 80 விழுக்காடு பங்கு இன்றும் குழுமத்திடமே இருக்கிறது.

எனவே தோழர்களே, தொழிற்சங்கப் பணியும் விவசாய இயக்கமும் ஒரு நாளும் பின்னுக்குப் போகக் கூடாது, அதில் ஐயமில்லை. ஆனால் ஆலை வாசலில் நாம் சந்திக்கும் அதே இளைஞன் மாலையில் மைதானத்தில் இருக்கிறான். அவனோடு நாமும் அங்கே இருக்க வேண்டும். ஊர்க் கழகங்களில் உறுப்பினராவோம். அவற்றின் பொதுக்குழுக்களில் கணக்குக் கேட்போம். மைதானங்கள் விற்கப்படும்போது தடுப்போம். தன் மைதானத்தைக் காக்கப் பழகியவன் தன் ஆலையையும் காக்கப் பழகுவான்.