கஷ்டத்தைப் பங்கு போட்ட கணக்கு

 

"நாடுதான் மீண்டு வந்துவிட்டதே, இன்னும் ஏன் 2022ஐப் பற்றிப் பேசுகிறீர்கள்?" என்று சிலர் கேட்கிறார்கள். பெற்றோல் வரிசை இல்லை, 13 மணித்தியால மின்வெட்டு இல்லை, கேஸ் கிடைக்கிறது. உண்மைதான், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் யாருடைய காசில் மீண்டோம் என்ற கணக்கை நாம் இன்னும் பார்க்கவில்லை.

முதலில் நல்லதைச் சொல்வோம். 2022 ஜூலைக் கடைசியில் எரிபொருளுக்கு கியூஆர் முறை வந்தது. ஒரே வகை வாகனத்துக்கு வாரத்துக்கு ஒரே அளவு. நாட்கணக்கில் நின்ற வரிசைகள் கரைந்தன. இருப்பது கொஞ்சமென்றாலும், சமமாகப் பிரித்தால் சனம் பொறுத்துக்கொள்ளும் என்பதை அன்று கண்டோம்.

மற்றவை அப்படிப் பிரிக்கப்படவில்லை. அடுத்த மாதமே ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. குப்பி விளக்கில் படிக்கும் பிள்ளைக்கும், மரக்கறித் தோட்டத்துக்கு மோட்டரில் தண்ணீர் இறைக்கும் விவசாயிக்கும்தான் அந்த அடி.

அடுத்தது வரி. 2019 டிசம்பரில் வற் வரியை 15 வீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தார்கள். அரசின் வருமானம் விழுந்தது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனை இப்போது கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறக்குறைய 300 கோடி டொலர் தர இணங்கியது. அரசு வருமானத்தைக் கூட்ட வேண்டும் என்பது அதன் முக்கிய நிபந்தனை. 2024 ஜனவரியில் வற் 18 வீதமானது. வருமான வரி ஆளின் உழைப்பைப் பார்த்து வரும். வற் ஆளைப் பார்க்காது. கொழுந்து பறிக்கும் அக்கா வாங்கும் சவர்க்காரத்துக்கும் அதே 18, கோடீஸ்வரர் வாங்குவதற்கும் அதே 18.

நம் பகுதியில் அதிகம் பேசப்படாதது ஊழியர் சேமலாப நிதி. 2023 ஜூலை 1ஆம் திகதி உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புக்குப் பாராளுமன்றம் அனுமதி கொடுத்தது. வங்கிகளை விட்டுவிட்டார்கள். அவற்றில் கைவைத்தால் வைப்பாளர்களின் பணத்துக்கு ஆபத்து என்றார்கள். அதில் நியாயம் இருக்கலாம். ஆனால் அரசுக்கு ஓய்வூதிய நிதிகள் கொடுத்திருந்த கடன் குறைந்த வட்டிக்கு மாற்றப்பட்டது. 2025 வரை 12 வீதம், அதன் பிறகு 9 வீதம். அந்த நாட்களில் திறைசேரி உண்டியலுக்கு 20 வீதத்துக்கு மேல் வட்டி கிடைத்தது. இணங்காத நிதிக்கு 14 வீத வரி 30 ஆகும் என்றும் சொன்னார்கள். விலைவாசி ஏறி ஏற்கனவே பாதி தேய்ந்துபோன சேமிப்பு அது. மலையில் முப்பது வருடம் கூடை சுமந்தவரின் கடைசிக் காலக் காசும் அதில் இருக்கிறது. அவரிடம் யாரும் கேட்கவில்லை.

2023 ஜூலையில் அஸ்வெசும வந்தது. மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபாய். அது பெரிய உதவிதான். ஆனால் ஒரு கையால் கொடுத்ததையும் மறு கையால் எடுத்ததையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

இந்த நெருக்கடிக்குக் காரணம் கொழுந்து பறித்தவர் இல்லை. 2023 நவம்பர் 14ஆம் திகதி, முன்னாள் ஜனாதிபதிகளான ராஜபக்ச சகோதரர்கள் உள்ளிட்டோர் பொருளாதாரத்தைத் தவறாகக் கையாண்டு மக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மக்களுக்கு நட்டஈடு ஒன்றும் வரவில்லை.

ஹிஜ்ரி 18இல் மதீனாவில் பஞ்சம் வந்தபோது, மக்கள் வயிறாறச் சாப்பிடும் வரை நெய்யைத் தொடமாட்டேன் என்று கலீபா உமர் (ரழி) இருந்ததாக வரலாற்றில் படிக்கிறோம். வெளியிலிருந்து தானியம் வரவழைத்தார். கஷ்டத்தில் முதல் பங்கை ஆள்பவர் எடுத்தார். முஸ்லிம், இந்து, கிறிஸ்தவர் யாராக இருந்தாலும் இந்த அளவுகோல் எல்லோருக்கும் விளங்கும்.

ஆகவே இரண்டு வேலை செய்வோம். உங்கள் பெற்றோரின் சேமலாப நிதிக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள். தோட்டத்தில் கழித்த காசு கணக்கில் விழுந்திருக்கிறதா என்று சரிபாருங்கள். படிவம் விளங்காவிட்டால் பாடசாலைக்கு வாருங்கள், நாங்கள் நிரப்பித் தருகிறோம். இரண்டாவது, வாக்குக் கேட்டு வருபவர் எந்தக் கட்சியானாலும் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "அடுத்த முறை கஷ்டம் வந்தால் யாரிலிருந்து தொடங்குவீர்கள்?"