ஒரே முகம், நான்கு வயிறு

போலீஸ் நிலைய வாசலில் பாரா நிற்கும் காவலரின் தோளில் தொங்கிய நீண்ட துப்பாக்கி பலருக்கும் நினைவிருக்கும். பெயர் "303".

அது என்ன 303? ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்கு போடுங்கள். அதில் 303 பங்குதான் குழலின் துவார அளவு. மில்லிமீட்டரில் சொன்னால் 7.7.

இந்தத் தோட்டா 1888-ல் வந்தது. நாம் கண்ட துப்பாக்கி 1907-ல் வந்த மாதிரி. மேற்கு வங்காளத்தில் உள்ள இஷாப்பூர் தொழிற்சாலை இதை லட்சக்கணக்கில் செய்தது. 2020 குடியரசு தினத்தன்று உத்தரப்பிரதேச போலீசார் இதற்கு விடை கொடுத்தார்கள். ஆனால் கதை அதோடு முடியவில்லை.

இதே உருவத்தில் நான்கு விதத் துப்பாக்கிகள் உண்டு. முகம் ஒன்று, வயிறு வேறு!

வெள்ளைக்காரனுக்கு 1857-ஐ மறக்க முடியவில்லை. பட்டாளத்துத் தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாது என்று சட்டம் போட்டான். லைசென்சு உள்ளவர்களுக்கு 315 என்ற வேறு அளவு வந்தது. காவல் வேலைக்கு 410 என்ற வழவழப்பான குழல், ஒரு தடவைக்கு ஒரே தோட்டா. துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு போனாலும் பட்டாளத் தோட்டாவோடு சேர்த்துப் பயன்படுத்த முடியாதபடி ஏற்பாடு. கெட்டிக்காரத்தனம்தான்!

1962-ல் சீனப் போர் வந்தது. நம் சிப்பாய்கள் பெரும்பாலும் 303-ஐத்தான் தூக்கிப் போனார்கள். அதன் பிறகு இஷாப்பூரில் அதே உருவத்தில் 7.62 மில்லிமீட்டர் துப்பாக்கியைச் செய்தார்கள். இது நான்காவது.

303 தோட்டாவின் பித்தளைக் கூடு 56 மில்லிமீட்டர் நீளம். அடியில் ஒரு விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த விளிம்புதான் தோட்டாவை அறைக்குள் நிறுத்திப் பிடிக்கிறது. 7.62-க்கு அப்படி நீட்டிய விளிம்பு கிடையாது. நீளமும் 51 மில்லிமீட்டர்தான். அது தோளால் முட்டி நிற்கிறது. வெடிக்கும்போது அழுத்தமும் அதிகம். அதற்காகத்தான் தொழிற்சாலை எஃகையே மாற்றியது. 10 தோட்டா கொண்ட பெட்டியை 12 தோட்டாவுக்கு மாற்றிச் செய்தது.

ஒரு தொழிற்சாலையே இத்தனை பாடுபட்டிருக்கிறது. பட்டறைக்காரர் ஒருவர் துளையைக் கடைந்து, "எல்லாத் தோட்டாவும் போகும்" என்று சொன்னால் நம்பலாமா?

அறை பெரிதாக இருந்தால் பித்தளைக்கு ஆதாரம் இல்லை. கூடு கிழியும். கொதிக்கும் புகை பின்பக்கம் பாயும். சுடுகிறவரின் கண்ணும் கன்னமும் அங்கிருந்து ஒரு சாண் தூரத்தில்தான் இருக்கின்றன!

பழைய தோட்டாவிலும் ஒரு தொல்லை உண்டு. அதைப் பற்றவைக்கும் மருந்து எரிந்தபின் ஒருவித உப்பைக் குழலில் விட்டுப் போகும். மழைக்காலத்தில் நம் வீட்டு உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருக்கிறீர்கள். அதே கதைதான். ஈரத்தை இழுத்துக் குழலைத் துருப்பிடிக்க வைக்கும். எண்ணெய் மட்டும் போட்டால் உப்பு போகாது. அந்தக் காலப் பட்டாளத்தில் புனல் வைத்துக் கொதிக்கும் வெந்நீர் ஊற்றிக் கழுவினார்கள். வெந்நீர் வாளிக்குப் பின்னால் இத்தனை யோசனை!

துருப்பிடித்து உள்ளே அரித்துப்போன குழல் வெளியே பளபளவென்று இருக்கலாம். ஆகவே லைசென்சு புதுப்பிக்கும்போது காகிதத்தை மட்டும் பார்த்து முத்திரை குத்துவது போதாது. விவரம் தெரிந்த ஆயுதத் தொழிலாளி துப்பாக்கியின் அறையை அளந்து பார்க்க வேண்டும். குழலில் பொறித்த அளவும் லைசென்சில் எழுதிய அளவும் ஒன்றுதானா என்று சரிபார்க்க வேண்டும். அரசு இதை உத்தரவாகவே போட வேண்டும் என்கிறோம். துப்பாக்கி வைத்திருப்பவர்களும் அதுவரை காத்திராமல், தோட்டாவின் அடியில் உள்ள எழுத்தை ஒவ்வொரு முறையும் படித்துவிட்டுப் போட வேண்டும்.

வீட்டுப் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. தாத்தா காலத்துப் பெட்டியில் பழைய தோட்டா அகப்பட்டால் புளி போட்டுத் துலக்காதீர்கள். சுத்தியால் தட்டாதீர்கள். பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். லைசென்சு இல்லாமல் தோட்டா வைத்திருப்பது 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். பையில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடவும் வேண்டாம். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, போலீசாரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.