கட்டியவன் கையில் திறவுகோல் இல்லை!

தன் மக்களின் வரிப்பணத்தால் கல்லூரி கட்டி, ஆசிரியரை அமர்த்தி, ஆண்டுதோறும் அதனைக் காத்துவரும் ஒரு மாநிலம், 'இக்கல்லூரியில் என் மக்கட்கு இத்தனை இடம், பிற மாநிலத்தார்க்கு இத்தனை இடம்' என்று வரையறுக்கும் உரிமை உடையதா, இல்லையா? வினா இதுவே. இதனைப் பிற மாநில மாணவர்மீது கொண்ட பகையென்று திரிப்போர், விடை சொல்ல அஞ்சியே திரிக்கின்றனர்.

கூட்டாட்சிக்கு எடுத்துக்காட்டென எல்லாரும் காட்டும் அமெரிக்காவையே முதலில் பார்க்க. வட கரோலினா மாநிலத்தின் பொதுப் பல்கலைக்கழகத்தில், புதிதாகச் சேரும் மாணவருள் பிற மாநிலத்தார் நூற்றுக்கு 18-க்கு மேற்படலாகாது என்று 1986-இல் வரையறுக்கப்பட்டது. வரையறுத்தது எது? அம்மாநிலச் சட்டமன்றம் தேர்ந்தமர்த்திய ஆளுநர் குழு! கலிபோர்னியாவில், 2008-இன் பொருளியல் வீழ்ச்சிக்குப்பின் மாநில அரசு தரும் பணம் குறைந்தது. பல்கலைக்கழகமோ கூடுதற் கட்டணம் தரும் வெளிமாநில மாணவரை மிகுதியாகச் சேர்க்கத் தலைப்பட்டது. 'எம் வரியில் வளர்ந்த கழகத்தில் எம் பிள்ளைகட்கு இடமில்லையா?' என்று பெற்றோர் கேட்டனர். 2016-இல் மாநிலத் தணிக்கையரே குறை காட்டினார். 2017-இல் அங்கும் 18 விழுக்காடு என்னும் வரம்பு வந்தது. அவ்வரம்பை முன்னரே கடந்துவிட்ட பெர்க்கிலி போன்ற வளாகங்கள், இருந்த அளவிலேயே நிறுத்தப்பட்டன.

ஆதலின் அங்கெல்லாம் பிற மாநில மாணவனுக்கு வாயில் குறுகியதே. அதற்காக அமெரிக்க ஒருமைப்பாடு உடைந்துவிட்டதென்று எவரும் ஒப்பாரி வைக்கவில்லை. வரையறை கூடலாம், குறையலாம். அதனைக் கூட்டவும் குறைக்கவும் உரியது அம்மாநிலமே என்பதில் அங்கு ஐயம் எழவில்லை.

இனி இந்தியாவைப் பார்க்க. இங்கும் தொடக்கத்தில் நெறி கோணவில்லை. இந்தூர் மருத்துவக் கல்லூரியில் வெளிமாநிலத்தாரிடம் மட்டும் தனிக்கட்டணம் பெற்றது செல்லும் என்று 1955-இல் உச்ச நயன்மன்றம் தீர்ப்பளித்தது. பிறந்த இடம் வேறு, வாழும் இடம் வேறு. வாழுமிடம் நோக்கிச் செய்யும் வேறுபாடு அரசியலமைப்புச் சட்டத்திற்கு மாறன்று என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

பின்னர்த்தான் படிப்படியாகப் பறிப்பு நிகழ்ந்தது. 1976-இல், நெருக்கடிநிலை என்னும் இருட்டில், 42-ஆம் திருத்தத்தால் கல்வி மாநிலப் பட்டியினின்று பொதுப்பட்டிக்கு இழுத்துச் செல்லப்பட்டது. 1984-இல் பிரதீப் செயின் வழக்கில், மாநிலத்தார்க்கே எல்லா இடமும் என்பது செல்லாதென்று தீர்ப்பு வந்தது. அதன் வழியில் 1986 முதல் அரசு மருத்துவக் கல்லூரிகளின் இளநிலை இடங்களில் நூற்றுக்கு 15-உம், முதுநிலை இடங்களில் நூற்றுக்கு 25-உம் அனைத்திந்திய ஒதுக்கீட்டிற்குப் போயின. 2003-இல் அந்த 25 ஐம்பதாயிற்று. அனைத்திந்திய ஒதுக்கீட்டில் நிரம்பாத இளநிலை இடங்கள் முன்பு மாநிலத்திற்கே திரும்பின. 2021-22 முதல் அந்தத் திருப்பமும் நின்றது.

எஞ்சிய பாதியாவது மிஞ்சியதா? 2025 சனவரி 29-இல், சண்டிகர் மருத்துவக் கல்லூரி வழக்கில், நடுவர் மூவர் தீர்ப்புரைத்தனர். முதுநிலை மருத்துவப் படிப்பில், மாநிலத்திற்கென விட்ட இடங்களிலும், வாழுமிடம் நோக்கி ஒதுக்கீடு செய்தல் ஒப்புரிமை கூறும் 14-ஆம் பிரிவிற்கு முரண் என்றனர். இந்தியர் எல்லார்க்கும் இந்தியா என்னும் ஒரே வாழ்விடமே உண்டு. மாநில வாழ்விடம் என ஒன்றில்லை என்றனர். இளநிலையில் ஓரளவு பொறுக்கலாமாம். அதே கல்லூரியில் இளநிலை பயின்றவர்க்கு முதுநிலையில் ஓரளவு முன்னுரிமையும் தரலாமாம். ஆனால் 'இவன் இம்மண்ணின் குடிமகன்' என்று மாநிலம் சொல்லலாகாதாம்!

இங்குத்தான் கொடிய முரண் ஒன்று ஒளிந்துகிடக்கின்றது. அரசியலமைப்புச் சட்டப்படி, மக்கள் நலவாழ்வும் மருத்துவமனைகளும் இன்றும் மாநிலப் பட்டியிலேயே உள்ளன. மாவட்ட மருத்துவமனையில் மயக்க மருத்துவர் இல்லையாயின், மகப்பேற்றுத் தாய் ஒருத்தி இறந்துபடின், பழி யாருக்கு? மாநில அரசுக்கு! ஆனால் அந்த மயக்க மருத்துவரை உருவாக்கும் இடத்தில் யாரை அமர்த்துவது என்னும் உரிமை யாருக்கு? தில்லிக்கு! கடமை இங்கே, உரிமை அங்கே. சுமை ஒருவன் தோளில், கடிவாளம் மற்றொருவன் கையில். இதற்குப் பெயர் கூட்டாட்சியா?

'முதுநிலை மருத்துவம் உயர்ந்த கல்வி. அங்குத் தகுதி ஒன்றே பார்க்கவேண்டும்' என்பர். தகுதி வேண்டாமென்று யார் சொன்னார்? ஒரு காலைப்பொழுதில் எழுதும் தேர்வின் மதிப்பெண் மட்டுமே தகுதியா என்பதே கேள்வி. தொடக்க நலவாழ்வு நிலையத்தில் ஆண்டுக்கணக்கில் பணியாற்றியவன் பட்டறிவு தகுதியன்றா? நாற்று நட்டு நொந்த கிழவி தன் நெஞ்சுவலியைத் தன் சொல்லில் சொல்லும்போது, மொழிபெயர்ப்பான் இன்றி உணர்வது தகுதியன்றா? படித்தபின் அவ்வூர்க்கே திரும்புவான் என்னும் உறுதி தகுதியன்றா? பணியிலுள்ள அரசு மருத்துவர்க்கு முதுநிலையில் இடம் ஒதுக்க மாநிலத்திற்கு உரிமை உண்டென்று 2020 ஆகத்தில் அதே உச்ச நயன்மன்றம் ஒப்பியது. பணியை ஒப்பும் நயன், மண்ணை ஏன் மறுக்கின்றது?

'தமிழ் மாணவரும் பிற மாநிலங்களில் இடம் பெறுகின்றனரே' என்பர். பெறுகின்றனர், அதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் இக்கொடுக்கல் வாங்கல் நிகரானதன்று. நிறையக் கட்டிய மாநிலத்தின் பாதி பெரிது. கட்டாத மாநிலத்தின் பாதி சிறிது. 1835-இல் தோன்றிய சென்னை மருத்துவக் கல்லூரி தொடங்கி, மாவட்டந்தோறும் கல்லூரி வேண்டுமென உழைத்த தமிழ்நாடு மிகுதியாகக் கொடுக்கின்றது. கட்டாதிருந்த மாநிலத்திற்குக் கட்டும் கட்டாயமும் அற்றுப்போகின்றது. உழைத்தவனைத் தண்டித்து, உறங்கியவனுக்குப் பரிசளிப்பது எவ்வகை ஒப்புரிமை?

அனைத்திந்தியர்க்கும் இடம் வேண்டுமா? நடுவணரசு தன் பணத்தில் கட்டட்டும். எல்லார்க்கும் திறந்துவைக்கட்டும். எவரும் தடுக்கவில்லை. ஆனால் நடப்பது என்ன? மதுரைக்கென்று 2019-இல் அடிக்கல் நாட்டிய எய்ம்சு கல்லூரிக்கு 2022-இல் மாணவரைச் சேர்த்தபோது, அவர்கட்கு வகுப்பறை தந்தது இராமநாதபுரத்திலுள்ள மாநில அரசின் கல்லூரி! தில்லியின் மாணவர்க்கு நிழல் தர மாநிலக் கூரை வேண்டும். அக்கூரையின்கீழ் யார் அமர்வது என்று சொல்ல மட்டும் மாநிலத்திற்கு வாய் கூடாது!

வெளியூரான் ஒருவனும் வரவேண்டா என்பது தமிழர் கோரிக்கையன்று. கதவு எவ்வளவு திறப்பது என்பதைக் கட்டியவன் சொல்லட்டும் என்பதே கோரிக்கை. அதற்கு வழி இரண்டு. கல்வி மாநிலப் பட்டிக்கு மீளவேண்டும். முதுநிலை மருத்துவத்தில் வாழுமிட ஒதுக்கீட்டிற்கு இடந்தரும் அரசியலமைப்புத் திருத்தத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றவேண்டும். ஆந்திரத்திற்கு 1973-இல் 371-ஈ என்னும் தனிப்பிரிவு சேர்த்து, உள்ளூர் மாணவர்க்குக் கல்வியில் முன்னிடம் தர வழிசெய்த நாடாளுமன்றத்திற்கு இது முடியாத செயலன்று.

தமிழரே! வாக்குக் கேட்டு வருவோரிடம், சாலையும் விளக்கும் கேட்பதோடு இதனையும் கேளுங்கள். கேளாதிருப்பின், கல்லூரி இங்கிருக்கும், கட்டடமும் இங்கிருக்கும், நோயாளியும் இங்கேயே கிடப்பான், மருத்துவன் மட்டும் இங்கிருக்கமாட்டான்.