மூன்று தலை நாகமும் முகமூடிக்காரனும்

போன மாசம் ஒரு சனிக்கிழமை. மகனைத் தமிழ்ப் பள்ளியால் கூட்டிக்கொண்டு, செவன் கிங்ஸ் ஹை ரோட்டில் மீனும் கறிவேப்பிலையும் வாங்கி வீட்டுக்கு வந்தால், அம்மா அவன்ர அறை வாசலில் நின்று சுவரைப் பார்த்துக் கும்பிடுறா.

"தம்பி, இது நயினாதீவு அம்மாளின்ர நாகமோ? ஏன் மூன்று தலைதான் கீறியிருக்கிறான்?"

அது நாகம் இல்லை. மகன் தானே கீறி ஒட்டின படம். தங்க நிற உடம்பு, மூன்று தலை, வௌவால் செட்டை. ஜப்பான் சினிமாவின் கிங் கிடோரா! 1964இல் தோஹோ நிறுவனத்தின் படத்தில் முதன்முதலாக வந்த விண்வெளி அரக்கன். கொட்ஸில்லா, ரோடன், மொத்ரா மூன்றும் சேர்ந்துதான் அதைக் கலைச்சது.

ஆனால் மகன் அந்தப் படத்தைப் பார்த்துக் கீறேல்ல. ஒரு ஹிப்ஹொப் அல்பத்தைக் கேட்டுத்தான் கீறினவன்.

இங்க நான் ஒரு பிழையை ஒத்துக்கொள்ள வேணும். அவனுக்கு 14 வயது. ஹெட்போனைப் போட்டால் சாப்பிடக் கூப்பிட்டாலும் கேக்காது. அதுக்கு முதல் கிழமைதான் "என்ன குப்பையைக் கேக்கிறாய்" என்று கத்தி ஹெட்போனைப் பறிச்சு வைச்சிருந்தன். அதற்குப் பிறகு "ஓம்", "இல்லை" தவிர வேற கதை இல்லை. அம்மா கும்பிட்ட கும்பிடுதான் எங்களைத் திரும்பக் கதைக்க வைச்சது. மூன்று பேரும் சிரிச்ச சிரிப்பில் நான் மெல்லக் கேட்டன்: "சரி, அது என்ன பாட்டு? எனக்கும் போட்டுக் காட்டு."

அல்பத்தின் பெயர் 'டேக் மீ டு யுவர் லீடர்'. வெளிவந்தது 2003இல். வெளியிட்டது லண்டனில் இருக்கும் பிக் டாடா என்ற சின்ன நிறுவனம். செய்தவர் எம்.எஃப். டூம். அந்த அல்பத்தில் தன்னைக் 'கிங் கீடோரா' என்று அழைச்சுக்கொண்டார். பழைய ஜப்பான் அரக்கர் படங்களின் ஆங்கில வசனங்களை வெட்டி எடுத்து, பழைய இசைத்தட்டுத் துண்டுகளோடு ஒட்டியிருக்கிறார். சில இடங்களில் பாட்டே இல்லை, அந்த வசனங்களும் தாளமும்தான். வேற உலகத்தில் இருந்து வந்த ஒன்று மனுசரைப் பார்த்து, "இவங்கள் ஏன் இப்பிடி?" என்று கேட்கிற மாதிரி இருக்கும்.

இதை 'அண்டர்கிரவுண்ட்' ஹிப்ஹொப் என்பார்கள். கள்ளத்தனம் ஒன்றும் இல்லை. பெரிய கம்பனியின் காசும் வானொலியின் தயவும் இல்லாமல், சின்ன நிறுவனங்கள் வழியாக, கேட்டவர் சொல்லிக் கேட்டவராகப் பரவுற இசை.

"அப்பா, அவர் அமெரிக்கன் இல்லை. ஹவுன்ஸ்லோவில பிறந்தவர்," என்றான் மகன். எங்களுக்கு லண்டனின் மற்ற அந்தம் அது. மாதங்கி அருள்பிரகாசம், அதுதான் எம்.ஐ.ஏ., 1975இல் பிறந்ததும் அதே ஹவுன்ஸ்லோவில்தான். அம்மாவுக்கு அந்தப் பெயர் தெரியும். "அப்ப எங்கட பக்கத்துப் பெடியன்தான்" என்று டூமையும் உடனே சேர்த்துக்கொண்டா.

டூமின் சொந்தப் பெயர் டேனியல் டுமிலே. பிறந்தது 1971இல். தாய் டிரினிடாட், தகப்பன் சிம்பாப்வே. சின்னனிலேயே நியூயோர்க் பக்கம் கொண்டுபோய் வளர்த்தார்கள். தம்பியோடு சேர்ந்து கே.எம்.டி. என்ற குழுவில் பாடினார். 1993இல் தம்பி கார் மோதிச் செத்துப்போனார். அவர்களின் அடுத்த அல்பத்தையும் கம்பனி வெளியிடாமல் கைவிட்டது. சில வருசம் ஆளையே காணேல்ல. பிறகு முகத்தை மறைச்சுக்கொண்டு மேடை ஏறினவர், பின்னர் முகமூடியோடுதான் பாடினார்.

கொட்ஸில்லாவும் இப்பிடித்தான் பிறந்தது. 1954 மார்ச்சில் பிக்கினித் தீவில் அமெரிக்கா வெடிச்ச ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஒரு ஜப்பான் மீன்பிடிப் படகில் விழுந்தது. அந்த வருச நவம்பரிலேயே கொட்ஸில்லா திரைக்கு வந்திட்டுது. ஹிரோஷிமாவைப் பற்றி ஒரு அரக்கனை வைச்சும் சனம் கதைச்சது.

மகன் சொன்ன கடைசிச் சங்கதிதான் என்னை இருத்திப்போட்டது. டூம் அமெரிக்கக் குடியுரிமை எடுக்கவே இல்லை. 2010இல் ஐரோப்பாவில் கச்சேரி முடிச்சுத் திரும்பினவரை அமெரிக்கா உள்ளே விடேல்ல. மனுசி பிள்ளைகள் அங்கே, அவர் இங்கே. வளர்ந்த நாட்டில் திரும்பவும் வாழ அவருக்குக் கிடைக்கவே இல்லை. 2020 ஒக்டோபர் 31இல், 49 வயதில், லீட்ஸில் இறந்தார்.

அம்மா ஒன்றும் பேசாமல் எழும்பிப் போய்த் தேத்தண்ணி வைச்சா.

அப்பதான் மகனுக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னன். நாங்கள் 1989இல் இங்க வரேக்க எனக்கு ஆறு வயது. 1996இல் என்ர வகுப்பு முழுக்கப் பிரான்சுக்குச் சுற்றுலா போனது. எங்கட வழக்கு இன்னும் முடியேல்ல, கையில் பாஸ்போர்ட் இல்லை. கூட்டாளிமாருக்கு வயிற்றுக்குத்து என்று பொய் சொல்லி மூன்று நாள் வீட்டில் நின்றன். திரும்பி வந்தவங்கள் சொக்கலேட் தந்தவங்கள். அப்பா வீட்டுக்குச் சோபா வாங்க முதல் குடியுரிமைப் படிவத்துக்குக் காசு சேர்த்தது ஏன் என்று அன்றைக்கு எனக்கு விளங்கேல்ல. கோபம்தான் வந்தது.

மகன் கொஞ்ச நேரம் பேசேல்ல. பிறகு, "ஏன் அப்பா உண்மையைச் சொல்லேல்ல?" என்று கேட்டான்.

"வெக்கம்," என்றன்.

இதை வாசிக்கிற உங்களில் சிலரின் சொந்தத்துக்குள்ளேயே காகிதம் சரியில்லாத பிள்ளை இருக்கலாம். 1983 ஜனவரி 1இல் இருந்து, இங்க பிறந்தது மட்டும் காணாது. பிறக்கேக்க தாய் தகப்பனில் ஒருவராவது பிரித்தானியராக, அல்லது நிரந்தர வதிவிடம் உள்ளவராக இருக்க வேணும். பிறகு பெற்றாருக்கு நிரந்தர வதிவிடம் கிடைச்சால், பிள்ளைக்கு 18 வயதாக முதல் பதியலாம். இங்க பிறந்து முதல் பத்து வருசமும் இங்கேயே வளர்ந்த பிள்ளைக்கும் அந்த உரிமை உண்டு. செலவு கூடத்தான். ஆனால் "பிறகு பார்ப்பம்" என்று விடாதேங்கோ.

அல்பத்தைப் பற்றியும் ஒரு சொல்லு. தூசணம் இருக்கு, சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். பதின்ம வயதுப் பிள்ளை கேட்டால் பறிக்காமல் பக்கத்தில் இருந்து கேளுங்கோ. முக்கால் மணித்தியாலம்கூட இல்லை. எனக்கு எல்லாம் பிடிச்சது என்று சொல்லமாட்டன்.

ஹெட்போனைத் திருப்பிக் குடுத்திட்டன். மூன்று தலை நாகம் இன்னும் சுவரில் இருக்கு. வெள்ளிக்கிழமை அம்மா அதுக்கும் ஒரு பூ வைச்சா. மகன் எடுக்கேல்ல.