மேட்ச் நேரத்தில் ஆப் சுத்திக்கிட்டே இருக்கா? கோளாறு உங்க போன்லயா, அவங்க சர்வர்லயா?

2022 நவம்பர் 20, கத்தார் உலகக்கோப்பையின் முதல் போட்டி. ஜியோசினிமாவில் வீடியோ நின்று நின்று ஓடியதாகப் புகார்கள் குவிந்தன. ஆப்பை அப்டேட் செய்யச் சொன்னது நிறுவனம். தூத்தூர், குளச்சல் மாதிரி கால்பந்து ஊர்க்காரங்க அடுத்த முறை பதறாம இதைப் பாருங்க.

வேறு ஆப்பில் வீடியோ ஓடுதா? அப்போ உங்க நெட் சரி. ஆப்பை அப்டேட் செய்து, கேச் அழித்துத் திறங்க. அப்பவும் ஓடலைன்னா கோளாறு அவங்க சர்வரில் இருக்கலாம்; காத்திருப்பதே வழி.

எதுவுமே ஓடலையா? அன்றைய டேட்டா தீர்ந்திருக்கலாம். தீர்ந்தபின் பல பிளான்களில் வேகம் 64 கேபிபிஎஸ்தான். எச்டி படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பதோ 3 எம்பிபிஎஸ்.

முக்கியமா, கூகுளில் தேடி எடுத்த 'கஸ்டமர் கேர்' நம்பருக்குப் பேசாதீங்க. ஆப்புக்குள்ளேயே உதவிப் பக்கம் இருக்கு. ஓடிபி கேட்டால் மோசடிதான். பணம் போனால் உடனே 1930-க்கு அழையுங்க.